தரை டிக்கெட்டும் பால்கனியும்

தொண்ணூறுகளின் கோயம்புத்தூரில் ஒரு காருக்கு மரியாதை கிடைக்க வேண்டுமானால் அது தரையை ஒட்டி ஊர்ந்து போக வேண்டும். இன்றைய கோயம்புத்தூரில் அதே மரியாதை வேண்டுமானால் ஏறி உட்காரப் பக்கவாட்டில் ஒரு படி வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எங்கள் சாலைகள் தலைகீழாக மாறிவிட்டதாகத் தெரியவில்லை. எங்கள் முழங்கால்கள் மாறியிருக்கின்றன. வங்கிகள் கடன் கொடுக்கும் தாராளமும் மாறியிருக்கிறது.

எங்கள் செட்டில் முதன்முதலில் காரை இறக்கியவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'தரை டிக்கெட்'. அவன் அப்பாவுக்கு மில் ஸ்டோர்ஸ் கடை. வீட்டில் ஒரு வெள்ளை மாருதி 800. அந்த வண்டிக்கு மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், எடை 650 கிலோவை ஒட்டி. காய்கறி மார்க்கெட்டுக்கும் கல்யாணத்துக்கும் போவதற்கென்றே செய்த வண்டி. அதில் உட்கார்ந்துகொண்டு அவன் தன்னை ரேஸ்காரனாக நினைத்துக்கொண்டான் என்றால் பாதிப் பழி ஊருக்குப் போக வேண்டும். இந்த ஊர்க்காரரான எஸ். கரிவரதன் இதே மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டினார். எங்களுக்கு முந்தைய தலைமுறை சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. 1995-இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தபோது, எங்கள் பாலிடெக்னிக் விடுதியில் கார் ஓட்டவே தெரியாத பையன்கள்கூடச் சாப்பிடாமல் இருந்தார்கள். செட்டிபாளையத்தில் இன்று அவர் பெயரில் ஓடுதளம் இருக்கிறது. 2005-இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது, பந்தயக் கார் என்பது எங்கள் குலத்தொழில் என்றே ஊர் நம்ப ஆரம்பித்துவிட்டது.

ரேஸ் கார் தாழ்வாக இருக்கும். ஆகவே தாழ்வாக இருப்பது ரேஸ் கார். தரை டிக்கெட்டின் தர்க்கம் இவ்வளவுதான். பட்டுச்சேலை கட்டியவர்கள் எல்லாம் கல்யாணப்பெண் என்று சொல்வதற்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இதில் வேடிக்கை, நாங்கள் எல்லோரும் மெக்கானிகல் படித்துக்கொண்டிருந்தோம். சுருள் ஸ்பிரிங் பாடம் எங்களுக்கு முழுதாக நடந்திருந்தது. கம்பியின் தடிமன் நாலாம் படியில் மேலே வரும். சுருளின் விட்டம் மூன்றாம் படியில் கீழே வரும். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையும் கீழே வரும். ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் குறைத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். இதைப் பலகையில் எழுதிக் காட்டிய வாத்தியார் கடைசியில், "இது பரீட்சைக்கு வரும்" என்றார். வந்தது. நன்றாகவே எழுதினோம். அன்று சாயங்காலமே தரை டிக்கெட் வண்டியை எடுத்துக்கொண்டு உக்கடம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனான். கணக்குக்கும் காருக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று அந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பட்டறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாசலில் இரண்டு வரிசை. ஒன்றில் அம்பாசிடர் டாக்சிகள். கல்யாண சீசனில் ஒரு வண்டிக்குள் ஒரு பந்தியையே ஏற்ற வேண்டியிருப்பதால், பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டு வண்டியைத் தூக்கச் சொல்லி நிற்பவர்கள். இன்னொன்றில் எங்கள் வயதுப் பையன்கள், அப்பாவின் கார்களோடு, இறக்கச் சொல்லி. பட்டறைக்காரர் ஒரு கையால் தூக்கினார், ஒரு கையால் இறக்கினார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கூலி. தத்துவம் தெரிந்த மனிதர்.

"ஏனுங் தம்பி, ஒரு சுத்தா, ஒன்றரையா?"

"எது நல்லா இருக்குங்ண்ணா?"

"ஒன்னு வெட்டுனா பாக்க லட்சணம். ஒன்றரை வெட்டுனா ஊரே திரும்பிப் பாக்கும்."

"ஒன்னும் ஆகாதுங்களே?"

"வண்டிக்கு ஒன்னும் ஆகாதுங்க. முதுகுக்குத்தான் கொஞ்சம் தெரியும்."

தரை டிக்கெட் ஒன்றரை என்றான். கிரைண்டர் பொறி பறக்க ஓடியது. வெட்டிய துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டு மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தான். வண்டியின் பாதுகாப்பில் ஒரு பகுதி காகித எடையாக மாறியதை நான் பார்த்த ஒரே இடம் அது.

பாதுகாப்பு என்ற சொல்லை நான் சும்மா எடுக்கவில்லை. அவனுடைய அப்பா கேட்டபோது அவன் சொன்ன முதல் பதிலே அதுதான்: "இறக்குனா வண்டி இன்னும் சேஃப்டிங்கப்பா." பொய் என்று ஒதுக்க முடியாத பதில். ஒரு சின்னக் காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வையுங்கள். அதை 5 செ.மீ. இறக்கினால், வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறிப்போகும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். நாலு டயரும் இன்னும் சமமாக வேலை செய்யும். கவிழும் வாய்ப்பும் குறையும். ரேஸ் காரைக் கட்டுகிறவர்கள் மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் சண்டை போட்டுக் கீழே இறக்குவது இதற்காகத்தான். பாதி உண்மை கையில் இருப்பவனிடம் வாதாடி ஜெயிக்கவே முடியாது. மில் ஸ்டோர்ஸ்காரரும் ஜெயிக்கவில்லை.

மீதிப் பாதி எங்கே இருந்தது என்றால், சக்கரத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில். அந்த வெற்றிடம்தான் எங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் போகிறதே, யாரோ அளவு தப்பிச் செய்துவிட்டார்களே என்று. சக்கரம் மேடு ஏறும்போது மேலே போய்வர விட்ட இடம் அது. வண்டியை 5 செ.மீ. இறக்கினால் அந்த இடத்தில் சரியாக 5 செ.மீ. போய்விடும். ஒரு சின்னக் காரில் இருப்பதே கொஞ்சம்தான். பாதிக்கு மேல் அங்கேயே காலி. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்போ வெட்டியதால் 20, 30 சதவீதம்தான் கூடியிருக்கிறது. பாதி இடத்தில் அதே அடியை வாங்க இது எங்கே போதும்? ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலே வந்து ரப்பர் முட்டில் மோதும். மோதிய அந்தக் கணத்தில் அந்த மூலையில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை. நேர் சாலையில் அது முதுகுவலியோடு போயிற்று. வளைவின் நடுவில் மோதினால், அதுவரை பிடித்துக்கொண்டிருந்த டயர் திடீரெனப் பிடியை விடும். முன்பக்கம் விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். பின்பக்கம் விட்டால் வால் சுழன்று வரும். ஓடுதளத்தில் பள்ளம் கிடையாது என்பதை ரேஸ் காரைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

அவனுடைய அப்பாரு ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். தோட்டத்துக்காரர். இளமையில் வில்வண்டி வைத்திருந்தவர். அடியில் இரும்பு வில் கட்டிய அந்த மாட்டுவண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குத் தனி மதிப்பு. பேரனின் காரில் ஏறி ரேஸ்கோர்ஸ் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணு, எங்க காலத்துல வண்டிக்கு வில்லு வெச்சாத்தான் பெரும. நீங்க இருக்கற வில்லையும் வெட்டிப்போட்டுப் பெரும பேசறீங்களாக்கும்?"

பேரன் சிரித்தான். எஞ்சினியரிங் படித்த நாங்கள் யாருமே அவ்வளவு சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொன்னதில்லை.

வெட்டிய ஸ்பிரிங்கின் இன்னொரு குணம் எங்களுக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது. கிணத்துக்கடவு தாண்டிப் பின்சக்கரம் பஞ்சர். ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சாதாரணமாக, சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் ஸ்பிரிங் மேல் கிண்ணத்துக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் நடுவே கொஞ்சம் அமுங்கியபடியே இருக்கும். அப்படி இருக்கும்படிதான் அதன் முழு நீளத்தை முடிவு செய்திருப்பார்கள். இங்கே ஒன்றரைச் சுற்று குறைந்துபோனதால் ஸ்பிரிங் உள்ளே லொடலொடவென்று ஆடியது. கையால் சுற்றினால் சுற்றியது. வெட்டிய முனையும் கிண்ணத்தில் பொருந்தி உட்காரும்படி வளைந்ததல்ல. கம்பெனி அந்த முனையை வளைத்துச் சீராக்கி அனுப்பியிருக்கும். பட்டறையின் கிரைண்டருக்கு அந்தக் கவலை கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் ஸ்டெப்னி மாட்டி வண்டியை இறக்கினோம். ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஈச்சனாரி வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் 'டொக்', 'டொக்' என்றது. டிக்கியில் தேங்காய் உருள்கிறது என்று தாம்பூலப் பைமேல் பழி போட்டுக்கொண்டு வந்தோம்.

ஜாக்கியில் நடந்தது ஓட்டத்திலும் நடக்கும். வேகத்தடையில் வண்டி ஒரு நொடி எம்பும்போது சக்கரங்கள் முழுக்கக் கீழே தொங்கும். அந்த நொடியில் நீளம் பத்தாத ஸ்பிரிங் இடம் மாறும். அடுத்த நொடி முழு பாரமும் அதன்மேல் வந்து உட்காரும். எங்கே உட்காரும் என்பது அன்றைய ராசிபலன்.

வேகத்தடை என்றதும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் கொண்ட மெல்லிய மேடு, 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் தாண்டலாம். எங்கள் தெருக்களில் இருந்தவை ரோடு போட்டு மிஞ்சிய ஜல்லியை வைத்து, அந்தந்த வீட்டு ஆட்கள் நேரில் நின்று சொல்லிக் கட்டவைத்தவை. சுவருக்கும் அதற்கும் உயரம்தான் வித்தியாசம். தரை டிக்கெட் அவற்றைத் தாண்டும் முன் எங்களை இறக்கிவிடுவான். நாங்கள் நடந்து அந்தப்பக்கம் போவோம். அவன் வண்டியைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். நூறு கிலோமீட்டர் வேகத்துக்காக இறக்கிய வண்டி நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போயிற்று. அப்படியும் ஒருநாள் ஆயில் சேம்பர் அடிபட்டு, சாய்பாபா காலனியில் ஒரு தெரு முழுக்க எண்ணெய்க் கோலம் போட்டுவிட்டு நின்றது.

இன்னொரு கூட்டாளி ஒரு படி மேலே போனான். வெட்டினால்தானே சுற்று குறையும் என்று, ஸ்பிரிங்கை வண்டியிலேயே வைத்து கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி, தானாக அமுங்கவிட்டான். ஸ்பிரிங் எஃகு அதன் குணத்தைப் பெறுவதே கடினப்படுத்திப் பிறகு 400 டிகிரியை ஒட்டிப் பதப்படுத்துவதால்தான். சிவக்கச் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் மாதிரி வளைந்த வெறும் கம்பி. தினம் கொஞ்சம் உட்காரும். நாலு மூலையும் நாலு வேகத்தில் உட்கார, சில மாதங்களில் அவன் வண்டி எப்போதும் எதையோ ஒட்டுக் கேட்பதுபோல ஒருபக்கம் சாய்ந்து நின்றது. வெட்டுவதையும் சுடுவதையும் ஒப்பிட்டால் வெட்டுவது எவ்வளவோ மேல். இப்படி ஒரு நற்சான்றிதழ் எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

இதையெல்லாம் விட எனக்கு வியப்பாக இருந்தது பிற்காலத்தில் வேலைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். வளைவில் வண்டி சாய்வது ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கும். மாருதி 800 போன்ற, ஸ்ட்ரட் வைத்த முன்பக்கத்தில், வண்டியை அதிகமாக இறக்கினால் எடை மையம் இறங்குவதைவிட இந்தப் புள்ளி வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும். அந்தத் தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, சாயாமல் இருக்கட்டும் என்று இறக்கிய வண்டி, ஸ்பிரிங் விறைப்பு ஈடுகொடுக்காவிட்டால், முன்பைவிடச் சாயப் பார்க்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் மாறிப்போவதால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே கொஞ்சம் திரும்பும். தரை டிக்கெட்டின் முன் டயர்கள் உள்விளிம்பில் கம்பி தெரியும் வரை தேய்ந்தன. வெளியே பார்த்தால் புது டயர்.

பிரேக்கிலும் ஒரு கண்ணி உண்டு. சில வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்தும். அது பின் ஆக்ஸிலுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்கும். தூரம் குறைந்தால் பின்னால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். அந்த வண்டியில் ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வண்டியையும் அது நிறைமாதமாகவே நினைத்துக்கொள்ளும். மழையில் அவசரமாக மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். மிச்சத்தை வால் பார்த்துக்கொள்ளும்.

உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் எங்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் கார்களை இறக்கினார்கள். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958-இல் சட்டம் வந்தது. அடுத்த வருடமே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காருக்கு ஹைட்ராலிக் பம்பு வைத்து, போலீசைக் கண்டால் பொத்தானை அழுத்தி ஏற்றிக்கொள்ளவும் போனபின் இறக்கிக்கொள்ளவும் வழி கண்டுபிடித்தார். 2024 ஜனவரி முதல் அந்தத் தடையையே நீக்கிவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு விவேகம் இருந்தது: தாழ்வான வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள். வேடிக்கை காட்டத்தானே போகிறோம், என்ன அவசரம் என்று. நாங்கள் தாழ்த்திவிட்டு அவிநாசி சாலையில் வேகம் பார்த்தோம்.

இங்கே சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அப்போதே சொல்லித்தான் இருந்தது. எங்களில் ஒருவனும் அதைப் படித்ததில்லை. எங்களை நிறுத்திய போலீஸ்காரர்களும் லைசென்ஸைத்தான் கேட்டார்கள், ஒருவர் மட்டும், "ஏப்பா, காத்து இறங்கியிருக்கா?" என்று கரிசனமாக விசாரித்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது.

இப்போது தரை டிக்கெட்டுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மில் ஸ்டோர்ஸ் விரிந்து வேறு ஏதோ ஏற்றுமதி ஆகிவிட்டது. வாசலில் நிற்கும் வண்டியில் ஏற அவன் மனைவி கைப்பிடியைப் பிடித்து எம்ப வேண்டும். அவன் அம்மாவை இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுகிறார்கள். ஷோரூமில் அவன் கேட்ட முதல் கேள்வியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மைலேஜ் இல்லை, விலை இல்லை, "கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவுங்க?" அவனுக்கு நாங்கள் பெயரை மாற்றிவிட்டோம்: 'பால்கனி'.

காரணம் கேட்டால் லங்கா கார்னரைக் காட்டுவான். ஒரு மழைக்கு அந்தச் சுரங்கப்பாதை குளமாகிவிடும் என்பது கோயம்புத்தூரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். 2015-இல் சென்னையில் கார்கள் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டானாம். நியாயமான காரணம்தான். ஆனால் லங்கா கார்னர் நாங்கள் இறக்கிக்கொண்டிருந்த காலத்திலும் அதே இடத்தில்தான் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. கம்பெனி கொடுத்த உயரம் பத்தாதென்று, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் செருகி இன்னும் தூக்கியிருக்கிறான். பெரிய டயரும் போட்டிருக்கிறான். நான் கேட்டபோது என்ன சொன்னான் என்று நினைக்கிறீர்கள்? "உசரமா இருந்தா சேஃப்டிடா." முப்பது வருடத்துக்கு முன் அப்பாவிடம் சொன்ன அதே குரல், அதே நம்பிக்கை. செருகிய கட்டை ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகிறது. மிச்சச் சுற்றுகள் அந்தப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அன்றைய சூத்திரத்தில் வெட்டினாலும் பூட்டினாலும் ஒன்றுதான். வேலை செய்யும் சுற்று குறைகிறது, விறைப்பு கூடுகிறது. எடை மையம் வேறு மேலே ஏறியிருக்கிறது. அன்று பத்தில் ஒரு பங்கு லாபம் பார்த்த கணக்கு இன்று நஷ்டத்தில் போகிறது.

உயரத்தின் ஆபத்து கம்பெனிக்காரர்களுக்கே ஒருமுறை பகிரங்கமாகப் புரிந்தது. 1997-இல் மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் கார், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், சாலையில் குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பதுபோல சட்டென்று ஒடித்துத் திருப்பியபோது கவிழ்ந்துவிட்டது. உயரமான சின்ன வண்டி அது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பை எல்லா ஏ-கிளாசிலும் சேர்த்துக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனி தலைகுனிந்து செய்ததைப் பால்கனி ரப்பர் கட்டையில் சரிக்கட்டப் பார்க்கிறான்.

அதனால் காரை இறக்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாத இறக்கம், பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்டின் நோக்கு, பிரேக் வால்வு எல்லாவற்றையும் சரிபார்த்தால், இறக்கிய வண்டி பழையதைவிட நன்றாகவே வளையும். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஸ்பிரிங்குகளுக்கு முறையான சான்றிதழ் உண்டு. அதிகாரம் பெற்ற ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் சாலையில் ஓட்டலாம். அங்கே சாலையும் அப்படி. இங்கே அந்த வழி இல்லாதபோது, ஆசை கிரைண்டர் வைத்திருப்பவரிடம் போய்ச் சேருகிறது.

அந்த உக்கடம் பட்டறை இப்போதும் இருக்கிறது. மகன் பார்க்கிறார். இறக்கும் வரிசை வற்றிவிட்டது. தூக்கும் வரிசை நீண்டிருக்கிறது. ரப்பர் கட்டைகள் வாசலில் சரம் சரமாகத் தொங்குகின்றன. பால்கனியோடு போயிருந்தபோது அவர் கேட்டார்: "ஏனுங்ண்ணா, முன்னாடி மட்டும் போடட்டுங்களா, பின்னாடியும் சேத்தியா?" பால்கனி கேட்டான்: "எது நல்லா இருக்குங் தம்பி?" நான் வெளியே வந்து டீ குடித்தேன்.

அந்த வெள்ளை மாருதி 800-ஐ அவன் அப்பா அந்தக் காலத்திலேயே விற்றுவிட்டார். வாங்கியவருக்கு ஸ்பிரிங் வெட்டிய விஷயம் சொல்லப்பட்டதா என்று நான் கேட்டதில்லை. அதனால் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டையும் பாட்டுப்பெட்டியையும் பார்ப்பதற்கு முன், வண்டியை ஜாக்கியில் தூக்கச் சொல்லி ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஆடவோ சுற்றவோ கூடாது. முனையைப் பாருங்கள்: கறுப்புப் பூச்சு முனை வரை இருக்கிறதா, கிரைண்டர் பட்ட வெட்டோ சூடுபட்ட நீலநிறமோ தெரிகிறதா? சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகியிருக்கிறதா? முன் டயரின் உள்விளிம்பைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இதில் எது தென்பட்டாலும் விலையைக் குறைத்துப் பேசி வாங்கிவிடாதீர்கள். நாலு மூலைக்கும் கம்பெனி ஸ்பிரிங் போட்டு, அலைன்மென்ட் பார்த்துத் தந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள்.